அணைந்த விளக்கு



மோட்டார் காரில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கருவியைப் பொருத்தினால் பி0301 என்று காட்டுகிறது. முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாய் எரியவில்லை என்று பொருள். காரணம் பிளக்கோ, காயிலோ, இன்ஜெக்டரோ, சோதித்தே அறிய வேண்டும். ஒருவன் பழுதை நீக்காமல் குறியீட்டை மாத்திரம் அழித்து, அன்றே காரை விற்றுவிடுகிறான். "நான் பொய் சொல்லவில்லையே" என்பான். அவன் வாய் சொல்லவில்லை. அணைந்த விளக்கு சொல்லிற்று. சில நாள் ஓடியபின் விளக்கு மறுபடி எரியும், நஷ்டம் வாங்கினவனுக்கு.

மறைந்திருக்கும் பழுதை விற்கிறவன் வெளிப்படுத்தக் கடமைப்பட்டவன் என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே படிப்பித்தார். ஆகையால், அப்படி விற்றவனுக்குப் பாவசங்கீர்த்தனம் மாத்திரம் போதாது. நஷ்டத்தையும் ஈடுசெய்ய வேண்டும். விற்குமுன் பழுதைச் சொல்லுங்கள், விலையைக் குறையுங்கள். மனச்சமாதானம் அதைவிட விலை உயர்ந்தது.