கலங்காமை

எபிகூரஸ் பெரிதாக மதித்த 'அதராக்ஸியா'வைப் பிரித்தால், 'தராஸ்ஸேன்' என்பது கலக்குவது. முன்னாலிருக்கும் 'அ' அதை மறுக்கிறது. ஆக, கலங்காமை. கிரேக்கத்திலும் தண்ணீருக்கும் மனசுக்கும் ஒரே கலக்கம்தான், நம்மூர் மாதிரியே.

2023 டிசம்பரில் தாமிரபரணி குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்தபோது நான் பெங்களூரில் இருந்தேன். சர்வர் விழுந்தாலும் பதறாதவன் என்று ஆபீஸில் எனக்குப் பெயர். அன்றும் பதறவில்லை. எதையெதை மாடிக்கு ஏற்றணும் என்று அம்மாவுக்குப் போனில் வரிசையாகச் சொன்னேன்.

"ஏல, ஒனக்குக் கொஞ்சங்கூடக் கலக்கமா இல்லியா?" என்றாள்.

என்னிடம் இருந்தது அதராக்ஸியாவா, வெறும் தூரமா? எபிகூரஸுக்கும் ஒரு தோட்டமும் சுற்றிலும் நண்பர்களும் இருந்தார்கள். வெள்ளத்தில் யாரையும் விட்டுவிட்டு அவர் அமைதியாக இருக்கவில்லை.

தண்ணீர் வடிந்தபின் ஊருக்குப் போனேன். அம்மா மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிக்கொண்டிருந்தாள். செம்மண் நிறத்தில் தண்ணீர். "தெளிய நேரமாகும், உக்காரு" என்றாள்.