விடைபெறுதலின் இயல்பு

தொடங்கியன யாவும் முடிதற்குரியன என்பது யாவர்க்கும் உடன்பாடாம். ஆயினும், ஒருவன் தானிருந்த நிலையினின்று நீங்குங்கால் அந்நீக்கம் இழப்போ நிறைவோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. கல்லூரி, விளையாட்டு, அரசியல் என்னும் மூவிடத்தும் இவ்வினா வெவ்வேறு வகையாக எழுகின்றது.

கல்லூரியின்கண் நீங்குங்காலம் முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது. தோழரைப் பிரியும் மாணவன் கண்ணீர் உகுப்பினும், கற்று வெளிப்போதற்பொருட்டே அவன் ஆண்டுப் புக்கான். தைத்திரீய உபநிடதத்துச் சீட்சாவல்லியில், ஓதி முடித்த மாணவனுக்கு ஆசிரியன் கூறும் அறிவுரை உளது. அஃது அவனைக் கழிந்த காலத்து நினைவின்கண் நிறுத்தாது, இனி ஆற்றவேண்டிய கடமைகளிற் செலுத்துகின்றது. அமெரிக்கக் கல்லூரிகளிற் பட்டமளிப்பு விழாவிற்குத் 'தொடக்கம்' எனப் பொருள்படும் பெயர் வழங்குதலும் இக்கருத்திற்கு இயைவதே.

விளையாட்டின்கண் காலத்தை வரையறுப்பது உடம்பு. 1928 முதல் டெஸ்ட் பந்தயங்களில் ஆடிவந்த டொனால்டு பிராட்மன், 1948 ஆகஸ்டுத் திங்களில் இலண்டன் ஓவல் அரங்கில் இறுதியாக ஆடினார். நான்கு ஓட்டங்கள் எடுத்திருப்பின் அவரது சராசரி நூறாகியிருக்கும். அவரோ இரண்டாம் பந்திலேயே ஓட்டமின்றி ஆட்டமிழந்தார், சராசரி 99.94 என நின்றது. இருபதாண்டு உழைப்பை அவ்வொரு பந்து அழித்ததோ எனின், இல்லை. முயற்சி நம்பாலது, அது முடிவெய்தும் வகை நம்பாலதன்று.

அரசியலின்கண் நீக்கம் மிக அரிது. சட்டமும் தேர்தலும் புறத்தே நின்று நீக்குமுன் தானே நீங்குவார் சிலரே. நெல்சன் மண்டேலா 1994இல் தென்னாப்பிரிக்கக் குடியரசுத் தலைவரானார். இருமுறை பதவி வகிக்கச் சட்டம் இடந்தந்தும், ஒருமுறையோடு அமைந்து 1999இல் நீங்கினார். இஃது ஏன் அரிதாயிற்று? பதவி முதலில் 'எனது' எனத் தோன்றி, நாளடைவில் 'யான்' எனவே திரிகின்றது. அம்மயக்கமே நீக்கத்தை இறப்பெனக் காட்டுவது.

அற்றேல், ஆற்றலுடையான் பதவியை விடுதல் கடமையைக் கைவிடுதலாகாதோ எனின், அது நீங்கும் நோக்கம் பற்றித் துணியப்படும். காமராசர் 1954 முதல் வகித்த சென்னை மாநில முதலமைச்சர் பதவியை, 1963 அக்டோபர் 2ஆம் நாள் கட்சிப் பணியின்பொருட்டு விடுத்தார். 1964இல் காங்கிரசுத் தலைவரானார். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றியது துறவாமோ எனின், துறவென யாம் கூறேம். பதவி வேறு, பணி வேறு எனக் கண்டமையே ஈண்டுக் கொள்ளத்தக்கது. அவ்வேறுபாடு காணாதான் பணிக்கெனப் பதவியை நாடி, பின் பதவிக்கெனப் பணியை இழப்பான். 1967இல் அக்கட்சி சென்னை மாநிலத்தில் ஆட்சியை இழந்தது. ஆதலின் நன்னோக்கத்தோடு நீங்கியவிடத்தும் விரும்பிய பயன் விளையுமென்பது ஒருதலையன்று. பந்தின்கண் கண்ட உண்மையே ஈண்டும் காண்கின்றோம்.

ஆகவே, இழப்போ நிறைவோ என்பது நீங்கும் இடத்தைப் பொறுத்ததன்று. நீங்குவோன் தன்னை எதுவெனக் கருதியிருந்தான் என்பதைப் பொறுத்தது. இருக்கையே தானென்றிருந்தானுக்கு அஃது இழப்பு. தன்பால் ஒப்புவிக்கப்பட்ட பொருளென்றிருந்தானுக்கு நிறைவு. நாற்காலியாயினும் பீடமாயினும், யாம் இன்றிருக்கும் இடம் ஒருநாள் பிறர்க்குரியதாம். அதனை இருக்கும்போதே உணர்ந்து பணிசெய்வார்க்கு அந்நாள் துன்பந் தருவதன்று என்க.