டிராயிங் இல்லாத உயிர்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று இருக்கும். ரிஜெக்ட் ஆன உருப்படிகள் அதில் விழும். டிராயிங்கில் ஓர் அளவு போட்டிருக்கிறது, மைக்ரோமீட்டர் வேறு அளவு காட்டுகிறது, முடிந்தது கதை. இதில் அநியாயம் எதுவும் இல்லை. கோணலான ஷாஃப்டை வண்டியில் மாட்டினால் ஆள் சாவான்.

அதே பட்டறையின் பின்புறம், ஸ்கிராப் குவியலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே, பாம்புக்கு வேண்டியதெல்லாம் கிடக்கிறது. இண்டு இடுக்கு, ஈரம், சிந்திய சோற்றுக்கு வரும் எலி. எலியைத் தேடிச் சாரையும் நல்ல பாம்பும் வரும். கோடையில் நல்ல பாம்பு இட்ட முட்டைகள் ஏறக்குறைய இரண்டு மாதத்தில், மழை தொடங்கும் நேரத்தில் பொரியும்.

பாம்புக் குஞ்சு பொரிவதைக் காணப் பொறுமை வேண்டும். கோழி முட்டைபோல ஓடு உடையாது. தோல்போன்ற உறையை மூக்கு நுனியில் உள்ள சின்ன முட்டைப்பல்லால் உள்ளிருந்து கிழித்து, தலையை மட்டும் வெளியே நீட்டும். நீட்டிவிட்டு அப்படியே கிடக்கும். சில சமயம் ஒரு நாளுக்கு மேலும். பார்ப்பவருக்குக் கை பரபரக்கும், பாவம், மாட்டிக்கொண்டதோ என்று. மாட்டவில்லை, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் இரக்கப்பட்டு வெளியே இழுத்தால் தொப்புள் கிழிந்து ரத்தம் போகும். ஊனமே இல்லாத குஞ்சை நாமே ஊனமாக்கிவிடுவோம்.

முட்டையை எடுத்து வைப்பதிலும் இதே கதைதான். பாம்பு முட்டையில் கரு உறையின் ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகலாம். அதனால்தான் விவரம் தெரிந்த பாம்பு மீட்பவர்கள் முட்டையைத் தொடுமுன் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். அடைகாக்கும் சூடு கூடினாலோ குறைந்தாலோ முதுகெலும்பு வளைந்த குஞ்சுகள் பொரியக்கூடும். தாடை பொருந்தாதவை, ஒரு கண் இல்லாதவை, தொப்புள் மூடாதவை என்றும் சில வரும்.

அப்படி ஒன்று வந்தால் மீட்பவர் என்ன செய்வது? பெரிதாக ஒன்றுமில்லை. ஈரமான காகிதத் துணி விரித்த சுத்தமான பெட்டியில் தனியாக விட வேண்டும். வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும்வரை இரை வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டையை உரிக்கும்; அதற்குப் பிறகுதான் பசி. ஊர்கிறதா, சட்டை முழுசாகக் கழன்றதா, இரையை விழுங்குகிறதா, கழிவு போகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். வால் பக்கம் லேசாக வளைந்த பாம்பு இவை அத்தனையையும் செய்து பல வருடம் வாழும். குடல் அடைபடும் அளவுக்கு வளைந்தது வாழாது. அதற்கு வேண்டியது கால்நடை மருத்துவரின் தீர்ப்பு, நம் கண்ணீர் அல்ல. உயிருக்கு டிராயிங் கிடையாது. அது என்ன செய்கிறது என்பதே அளவு.

ஆனால் மனிதன் உயிருக்கும் டிராயிங் போட ஆரம்பித்துவிட்டான். 2023 செப்டம்பரில் பாங்காக்கிலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு வந்த பெட்டிகளில் 55 பால் பைத்தான் மலைப்பாம்புகளும் 17 ராஜநாகங்களும் இருந்தன. கூட வந்த 6 கபுச்சின் குரங்குகள் செத்துக் கிடந்தன. 2024 ஏப்ரலில் ஒரு பயணியின் பெட்டியில் 10 மஞ்சள் அனகோண்டாக்கள். அந்தப் பால் பைத்தான்கள் ஒரே நிறத்தவை அல்ல, பல நிறத்தவை. சந்தை கேட்பது அதைத்தான். இந்த இனத்தில் ‘ஸ்பைடர்’ என்றொரு வகை உண்டு. உடம்பெல்லாம் சிலந்தி வலை நெய்ததுபோன்ற அழகு. அந்த அழகைத் தரும் அதே மரபணு தலையையும் ஆட வைக்கிறது. உள்காது சரியாக அமைவதில்லை. சில பாம்புகள் தலைகீழாகச் சுழன்றுகொள்ளும், இரையைக் குறிவைத்துத் தவறவிடும். இது தெரிந்தும் தலைமுறை தலைமுறையாக வளர்த்து விற்றார்கள். இங்கே சிவப்புப் பெட்டிக்குப் போயிருக்க வேண்டியது அந்த வளர்ப்பு முறை. போகவில்லை, ஏனென்றால் நிறம் டிராயிங்கோடு பொருந்திவிட்டது.

ஆக, ஊனத்தில் இரண்டு வகை. தானாக வருவது ஒன்று. அதனிடம் நாம் காட்ட வேண்டிய அன்பு பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான். நாம் ஆசைப்பட்டு உண்டாக்குவது மற்றொன்று. அதை வாங்கி வீட்டில் வைத்துச் சீராட்டுவதைக் கருணை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாங்கும் ஒவ்வொரு பாம்பும் அடுத்த ஈட்டுக்கான ஆர்டர்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பை, ஊனமுற்ற குஞ்சானாலும், வீட்டில் வளர்க்கக் கூடாது. பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். பட்டறைப் பின்புறத்தில் முட்டைகளைக் கண்டால் கம்பியால் கிளறாதீர்கள், புரட்டாதீர்கள். பொரிந்த குஞ்சை வெறுங்கையால் தொடாதீர்கள். நல்ல பாம்புக் குஞ்சுக்குப் பிறந்த அன்றே விஷம் உண்டு. ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.