வாங்கிக்கத் தெரியணும்!

ஓம் சரவணபவ 🙏

கொடுக்குறது புண்ணியம்னு எல்லாரும் நமக்குச் சொல்லியிருக்காங்க. வாங்கிக்கிறதைப் பத்தி யாரும் சொல்லித் தரல. நான் அதை ஆம்பூர்ல தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டேன்.

நான் ஷூ கம்பெனில வேலை பாக்குறேன். போன ஆடிக் கிருத்திகை அன்னிக்கு, கூட வேலை பாக்குற கிறிஸ்தவ நண்பன் வீட்டுக்குப் போனேன். எனக்கு விரதம்னு தெரிஞ்சு அவங்க அம்மா இளநீர் வாங்கி வெச்சிருந்தாங்க. "எதுக்கும்மா சிரமம், வேண்டாம்"னு சொன்னேன். மரியாதைன்னு நினைச்சுத்தான் சொன்னேன்.

நாற்பது வருஷம் டேனரியில உழைச்ச அவங்க அப்பா மெதுவா கேட்டார்: "விரதத்துக்காக வேணாம்ங்கிறீங்களா தம்பி, இல்ல எங்க வீடுங்கிறதாலயா? தோல் வேலை செய்யுறவன் வீட்டுத் தண்ணியைத் தொடாதவங்களை நான் சின்ன வயசுலேர்ந்து பாத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உடனே வாங்கிக் குடிச்சேன். ஆனா அவர் முகம் மனசுலயே நின்னுடுச்சு.

அடுத்த ஞாயிறு வள்ளிமலைக்குப் போனேன். காட்பாடிலேர்ந்து பக்கம்தான். அங்கதான் நம்ம அப்பன் கிழவனா வந்து, வேடர் குலத்துல வளர்ந்த வள்ளிகிட்ட பசிக்குதுன்னு நின்னான். தேனும் தினைமாவும் வாங்கித் தின்னான். விக்கல் எடுத்ததும் தண்ணியும் கேட்டான். உலகத்துக்கே படியளக்குற சாமி, தினைப்புனம் காக்குற பொண்ணு முன்னாடி கை நீட்டுறான்!

இதை நண்பன்கிட்ட சொன்னேன். "எங்க வேதத்துலயும் இருக்குடா"ன்னான். யூதர்கள் ஒதுக்கி வெச்ச சமாரியப் பொண்ணுகிட்ட, கிணத்தடியில இயேசு தண்ணி கேட்டாராம். யோவான் 4ஆம் அதிகாரம். சீடர்களை அனுப்பும்போதும், பணப்பை எடுக்காதீங்க, போற வீட்டுல வைக்கிறதைச் சாப்பிடுங்கன்னு சொல்லி அனுப்பினாராம். அது லூக்கா 10.

நம்ம வேலூர் சிஎம்சியையே பாருங்க. ஐடா ஸ்கடர் அம்மையார் அமெரிக்காவுல உதவி கேட்டப்ப, ராபர்ட் ஷெல் என்பவர் இறந்துபோன மனைவி நினைவா 10,000 டாலர் கொடுத்தார். 1902ல ஷெல் மருத்துவமனை திறந்தாங்க. கேக்கவும் வாங்கவும் அந்த அம்மா கூச்சப்பட்டிருந்தா? மருத்துவமனையும் வந்திருக்காது, அந்த மனுஷனோட துக்கத்துக்கு ஒரு வழியும் கிடைச்சிருக்காது.

சொந்தங்களே, கொடுக்கும்போது நம்ம கை மேல இருக்கு. வாங்கும்போதுதான் அது கீழ இறங்குது. நம்ம அகந்தையும் கூடவே இறங்குது. ஒருத்தர் அன்பா நீட்டுறதை வாங்கிக்கிட்டா, "நீயும் நானும் ஒண்ணு"ன்னு வாய் திறக்காம சொல்லிடுறோம். விரதத்துக்கு ஆகாததுன்னா காரணத்தைச் சொல்லி, ஒரு வாய் தண்ணியாவது கேட்டு வாங்கிக் குடிங்க.

போன வாரம் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே நானே கேட்டேன்: "அம்மா, தாகமா இருக்கு, தண்ணி குடுங்க."

அப்பாவே எழுந்து போய்ச் சொம்பு நிறைய எடுத்துட்டு வந்தார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚