திரும்பி வந்த பத்தாவது ஆள்

லூக்கா பதினேழாம் அதிகாரத்துப் பத்துத் தொழுநோயாளிகளின் கதையை நம் சபைகளில் நன்றி சொல்லும் கதையாகத்தான் பிரசங்கிக்கிறோம். தேனியிலிருந்து கூடலூர் வரை, அறுப்பின் பண்டிகை ஆராதனையில் அதைக் கேட்காத விசுவாசி இருக்கமாட்டார். பத்துப் பேருக்குச் சுகம் கிடைத்தது, ஒன்பது பேர் போய்விட்டார்கள், ஒருவன் திரும்பி வந்தான். நாம் அந்த ஒருவனாக இருக்க வேண்டும். பிரசங்கம் அத்துடன் முடிந்துவிடும். அது தவறான பிரசங்கம் அல்ல. ஆனால் நாம் வாசிக்கும் பழைய தமிழ்த் திருப்புதலில், அந்தச் சில வசனங்களுக்குள் மூன்று வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. வழியில் போகையில் பத்துப் பேரும் ‘சுத்தம்’ ஆகிறார்கள். திரும்பி வந்தவன் தான் ‘ஆரோக்கியம்’ ஆனதைக் காண்கிறான். கடைசியில் அவனுடைய விசுவாசம் அவனை ‘இரட்சித்தது’ என்கிறார் இயேசு. ஒரே உடம்பு, ஒரே நோய், ஒரே நாள். அதற்கு ஏன் மூன்று சொல்?

‘சுத்தம்’ என்பது மருத்துவச் சொல் அல்ல. லேவியராகமத்தின் சட்டப்படி தோலில் படை கண்டவன் பாளயத்துக்கு வெளியே தனியாகக் குடியிருக்க வேண்டும். படை ஆறிவிட்டால் அவனாக ஊருக்குள் வந்துவிட முடியாது. ஆசாரியன் வெளியே போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு குருவிகள், மயிர் சிரைத்தல், குளித்தல், ஏழு நாள் காத்திருப்பு, எட்டாம் நாள் பலி. அதற்குப் பிறகுதான் அவன் ஊர்க்காரன். அதாவது நோய் உடம்பில் இருக்கிறது, வாசல் ஆசாரியன் கையில் இருக்கிறது. இயேசு அந்தப் பத்துப் பேரையும் ஆசாரியரிடம் போய்க் காட்டச் சொன்னது இதனால்தான். தோல் ஆறினால் மட்டும் போதாது, ஊர் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

தமிழில் ‘சுத்தம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் காதில் இன்னொன்றும் விழுகிறது. தீட்டு, துடக்கு, விலக்கு என்ற சொற்களெல்லாம் இந்த ஒரு சொல்லின் நிழலில்தான் நிற்கின்றன. தொழுநோயாளியை வெளியே நிறுத்திய அதே கணக்குத்தான் நம் ஊரில் ஒரு தெருவையே வெளியே நிறுத்தியது. திரும்பி வந்தவன் யார் என்பதை லூக்கா கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்து சொல்கிறார்: அவன் ஒரு சமாரியன். மற்ற ஒன்பது பேருக்கும் சான்று கொடுக்க ஆலயத்தில் ஆள் இருந்தது. சமாரியனை எருசலேம் ஆலயம் தன்னவனாக ஏற்காது. நோய் போனாலும் அவன் வெளியாள்தான். அவன் திரும்பி வந்ததற்கு நன்றி ஒரு காரணம். போவதற்கு வேறு வாசல் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நான் வாசிக்கிறேன்.

இந்த வாசிப்பை வைத்துக்கொண்டு நம் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் தொடங்கியது. பெரியகுளம் அதன் நிலையங்களில் ஒன்று. அந்த மிஷன் 1847இல் ஒரு கடினமான முடிவை எடுத்தது. சாதியை விடாதவர் சபையில் அங்கமாக இருக்க முடியாது. விட்டதற்கு அடையாளம், ‘அன்பின் விருந்து’. தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர் சமைத்ததை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும். மறுத்தவர்களுக்குத் திருவிருந்து நிறுத்தப்பட்டது. அவர்களில் உபதேசியார்களும் இருந்தார்கள்.

இன்று அதைப் படிக்கையில் எனக்கு மரியாதையும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1833இல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதியை உடனடியாக விட்டுவிடும்படி தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதியிருந்தார். மதுரை மிஷன் கடிதத்தோடு நிற்கவில்லை, இலை போட்டது. அது பெரிய காரியம். ஆனால் அது ஒரு பரீட்சையாக இருந்தது. ஒருநாள் உண்டு தேறிவிட்டு வீட்டுக்குப் போனவர் வீட்டில், கிணறு மாறியதா? கூலி மாறியதா? சம்பந்தம் மாறியதா? சமைத்தவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதும் எனக்கு உறுத்துகிறது. அவர் சமைத்த சோறு மற்றவரின் மனத்தைச் சோதிக்கும் கருவியானது. அவர் விருந்தாளியாக இருந்தாரா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து மதுரையிலிருந்தே ஒரு பதில் வந்தது. அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன ஜே. தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று எல்லாரும் அழைத்தவர், பறையையும் கிராமிய மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். திருவிருந்தை அவர் ‘ஒரே உலை’ என்று விளக்கினார். உலை என்ற சொல்லைத் தேர்ந்ததில்தான் அவருடைய இறையியல் முழுதும் இருக்கிறது. பந்தி என்றால் ஒருவர் உட்காருவார், ஒருவர் பரிமாறுவார். உலை அப்படி இல்லை. அவரவர் வீட்டு அரிசி ஒரே பானையில் விழுந்து கொதித்தபின், எது யார் அரிசி என்று பிரிக்க முடியாது. உலை பிரிந்தால் குடும்பம் பிரிந்தது என்பது கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவு 2005இல் காலமானார். அவருடைய பாடல்களைப் பல சபைகள் பாடுகின்றன. பாடுகிற அளவுக்கு உலை வைக்கிறோமா என்பதைச் சபைகள்தான் சொல்ல வேண்டும்.

சுகத்தின் பக்கம் வருகிறேன். தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1982இல். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை. சிகிச்சை தொடங்கிய சில நாள்களிலேயே தொற்றும் தன்மை நின்றுவிடுகிறது. ஆண்டிபட்டியில் உள்ள ஆரோக்கிய அகம் போன்ற அமைப்புகள் தொழுநோய், காசநோய், பிறகு எச்.ஐ.வி. என்று இந்த மாவட்டத்தில் உழைத்திருக்கின்றன. அந்தப் பெயரில் லூக்காவின் நடுச் சொல் இருப்பதை நினைக்காமல் என்னால் அதைக் கடந்துபோக முடிவதில்லை. ஆனால் தோலுக்கு மருந்து 1982இல் வந்தது என்றால், தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற சட்டப்பிரிவை நீக்க இந்த நாட்டுக்கு 2019 வரை ஆனது. முப்பத்தேழு ஆண்டுகள் ஆரோக்கியம் முன்னே போய் நின்றது, சுத்தம் பின்னால் நடந்து வந்தது.

எச்.ஐ.வி. காலத்திலும் இதுவே நடந்தது. தமிழ்நாட்டில் அதிகப் பாதிப்புள்ளதாக எண்ணப்பட்ட மாவட்டங்களில் தேனியும் ஒன்று. கேரளத்துக்கு மலையேறும் லாரிப் பாதை, கணவனிடமிருந்து தொற்றுப் பெற்று இளவயதில் விதவையானவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். கூட்டு மருந்து கிடைத்தது, உடம்பு தேறியது, ஏலத்தோட்ட ஜீப்பில் மறுபடி ஏறிக் கம்பம்மெட்டு வழியே வேலைக்குப் போகத் தெம்பு வந்தது. எஞ்சியிருந்தது ஆலயத்தில் யார் பக்கத்தில் உட்காருவது என்ற கேள்வி. கிண்ணத்தின் வழியாக அந்தக் கிருமி பரவாது. அதைப் போதகரே கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னால் அதுவும் சுகமளிக்கும் ஊழியம்தான். கைவைத்து ஜெபிப்பதற்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

கிண்ணம் என்றதும் இன்னொன்று. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வகையை 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் ராயப்பன்பட்டியிலும் ஆண்டு முழுதும் பந்தலில் குலை தொங்கும் ஊர் நமது. திருவிருந்து ரசத்துக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. மாறியிருப்பது அதைப் பகிரும் கிண்ணம். கொரோனாவுக்குப் பிறகு பல சபைகளில் பொதுக்கிண்ணம் போய்த் தனித்தனிச் சிறு கிண்ணங்கள் வந்திருக்கின்றன. சுகாதாரம் கருதிச் செய்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் தனிக் குவளையின் கசப்பு தெரிந்த மக்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். டீக்கடையில் அவர்களுடைய தாத்தா எந்தக் குவளையில் குடித்தார் என்பது மறந்துபோகிற விஷயம் அல்ல. எதனால் இந்த மாற்றம் என்று அவர்கள் முன்னால் வாய்விட்டுப் பேசியபின் மாற்றினால், அது வேறு. பேசாமல் மாற்றினால், கிருமிப் பயத்துக்குள் பழைய பயமும் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும்.

ஆசாரியன் தரும் சான்றுக்குத் திரும்ப வேண்டும். நம் நாளில் அது அரசின் கையில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அளித்த அறிக்கையில் இந்த மதத் தடையை எடுக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. ஆணை மாறவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பட்டியலுக்குள் இருப்பவருக்கே உரியது. சேரியில் வீடு, சேரி என்பதற்காக அடி, ஆனால் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அந்தச் சட்டம் இல்லை.

இதனால்தான் சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் தாலுகா அலுவலகச் சான்றில் இன்னொரு பெயருமாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. இதைப் பொய் என்று பிரசங்க மேடையிலிருந்து கண்டிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கண்டிப்பில் உடன்பாடில்லை. பிள்ளையின் படிப்பையும் ஞானஸ்நானத்தையும் இரண்டு தட்டில் வைத்து நிறுக்கச் சொன்னது அந்தத் தாய் அல்ல. அதைவிட, வெளியே அரசிடம் நீதி கேட்கிற சபைக்கு உள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களிடம் பேசிய போப் இரண்டாம் ஜான் பால் சாதி வழக்கங்களைக் களையும்படி நேரடியாகச் சொன்னார். 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், ஒரே விசுவாசத்தைச் சேர்ந்த இரண்டு தரப்புக்கு இடையே ஆலயத்தை வைத்து எழுந்த மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். எருசலேமில் ஆசாரியன் செய்ததை நாமே செய்கிற இடங்கள் நமக்குள் இருக்கின்றன.

இயேசு அந்தச் சமாரியனைத் திரும்பவும் ஆசாரியனிடம் அனுப்பவில்லை. எழுந்து போகச் சொன்னார். அவன் இயேசுவின் காலடியில் விழுந்துகிடந்தான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எழு என்பதுதான் அவனுக்கென்று கிடைத்த முதல் சொல். ‘இரட்சித்தது’ என்ற மூன்றாவது சொல் அதற்குப் பிறகு வருகிறது. அவன் எங்கே போனான் என்று லூக்கா எழுதவில்லை. அவனுடைய ஊரில் அன்று இரவு யார் வீட்டில் உலை வைத்தார்கள், அந்தச் சோற்றில் அவனுக்குப் பங்கு இருந்ததா என்பதும் எழுதப்படவில்லை.