இயைபு என்னும் கேள்வி

கட்டுரை எழுதுமுன் குறிப்புச்சட்டகம் போடுவது பள்ளியிலேயே பழகிவிடும் வேலை: முன்னுரை, நடுவே நாலைந்து உட்தலைப்புகள், முடிவுரை. கல்லூரி வகுப்பிலும் பெரும்பாலான சட்டகங்கள் இந்தப் பெட்டிகளைத் தாண்டுவதில்லை. இரண்டாம் உட்தலைப்பையும் நான்காவதையும் இடம் மாற்றினாலும் கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது என்றால், அங்கே இருப்பது பட்டியல், வாதம் அல்ல. அடுக்குமுறை படிப்பவர் வசதிக்கான ஏற்பாடு மட்டுமா, சொல்லப்படும் உண்மையிலேயே அதற்குப் பங்கு உண்டா என்பது தத்துவத்தின் பழைய கேள்வி. இதை ஆராய 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சைவ சித்தாந்தத்துக்குத் தந்த சிவஞானபோதத்தைவிடக் கச்சிதமான நூல் தமிழில் கிடைப்பது அரிது.

அளவில் அது மிகச் சிறியது: 12 சூத்திரங்கள், 40 அடிகள். முதல் ஆறு பொது அதிகாரம், பின் ஆறு உண்மை அதிகாரம். மும்மூன்று சூத்திரங்களாக நான்கு இயல்கள். பிரமாணவியல் பதி (இறைவன்), பாசம் (கட்டு), பசு (உயிர்) ஆகிய முப்பொருள் உண்டு என நிறுவுகிறது. இலக்கணவியல் அவற்றின் தன்மையையும், சாதனவியல் வீடுபேற்றுக்கான வழியையும், பயனியல் அதனால் வரும் பயனையும் கூறுகின்றன. ஒரு பொருள் உண்டா என்பது தீராமல் அது எப்படிப்பட்டது என்று கேட்க முடியாது. உயிரின் தன்மை தெரியாமல் அதற்கு உரிய வழியைச் சொல்ல முடியாது. ஓர் இயலை உருவினால் அடுத்தது சரிந்துவிடும். சூத்திரங்கள் வடமொழி ஆகமத்திலிருந்து வந்தவையா, தமிழிலேயே பிறந்தவையா என்ற வழக்கு நெடுங்காலமாக உண்டு. எப்படியானாலும் கட்டுக்கோப்பின் இறுக்கம் குறைவதில்லை.

ஒவ்வொரு சூத்திரமும் அதிகரணங்கள் எனப்படும் வாதப் பகுதிகளாகப் பிரிகிறது. ஒவ்வோர் அதிகரணத்திலும் மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு. இன்று மேற்கோள் என்றால் பிறர் கூற்றை எடுத்தாள்வது. தருக்க வழக்கில் அது நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து. மாணவர் கட்டுரைகள் பலவற்றில் புதிய பொருளிலான மேற்கோள் மலிந்திருக்கும். பழைய பொருளிலானதைத் தேட வேண்டியிருக்கும்.

அடுக்கின் ஆற்றல் நன்றாகத் தெரிவது மூன்றாம் சூத்திரத்தில். உடம்புக்குள் உயிர் என ஒன்று உண்டு என்பதே அதன் மேற்கோள். ஒவ்வொன்றாக நீக்கி 'இதுவும் உயிர் இல்லை' என்று சொல்லிக்கொண்டே போனாலும், அப்படிச் சொல்லும் ஒன்று எஞ்சுகிறது. இது, எல்லாம் சூனியம் என்பவருக்கு விடை. 'என் உடல்' என்று சொல்வதால் உடலே உயிர் ஆகாது. ஒரு பொறி அறிவதை மற்றொன்று அறியாது, ஐந்தையும் அறிவது ஒன்று இருக்கிறது; ஆகவே பொறிகளும் அல்ல. கனவு கண்டு விழித்தவர் அதை நினைவுகூர்கிறார்; கனவில் இயங்கிய நுண்ணுடம்பும் உயிர் அல்ல. உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது, ஆனால் நுகர்ச்சியும் செயலும் இல்லை, மூச்சும் அல்ல. உணர்த்தினால்தான் உணர்கிறது என்பதால் தானே எல்லாம் அறியும் இறைவனும் அல்ல. பருமையிலிருந்து நுண்மைக்கு ஏறும் இந்த வரிசையில் ஒவ்வோர் ஏதுவும் ஒரு குறிப்பிட்ட மறுப்பாளரின் வாயை அடைக்கிறது. முடிவில் உயிருக்கு எஞ்சும் இடம், உடலுக்கு மேலும் இறைவனுக்குக் கீழும், தானாகவே வரையப்பட்டுவிடுகிறது.

மீமாஞ்சை மரபில் அதிகரணத்துக்கு உறுப்புகள் ஐந்து: எடுத்துக்கொண்ட பொருள், அதில் எழும் ஐயம், எதிர்த்தரப்பு, முடிந்த முடிபு, இயைபு. கடைசியில் வரும் இயைபு, 'இது ஏன் இங்கே?' என்ற கேள்விக்கு விடை. 18ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை எழுதிய சிவஞான முனிவர் இந்தக் கேள்வியை எளிதில் விடுவதில்லை. சட்டகத்தின் ஒவ்வோர் உட்தலைப்புக்கு நேரே ஒரு வரியில் இயைபு எழுதச் சொன்னால், பாதித் தலைப்புகள் தாமே உதிர்ந்துவிடும்.

எதிர்த்தரப்பை வைக்கும் முறைக்கு மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியாரிடம் போக வேண்டும். அவருடைய சிவஞான சித்தியாரில் பரபக்கம் (பிறர் தரப்பு) முதலில், சுபக்கம் (தன் தரப்பு) பிறகு. பரபக்கத்தில் உலோகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி ஈறாக 14 தரப்புகள். ஒவ்வொன்றுக்கும் முதலில் அதன் மதம், பின்பு மறுதலை. காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்ளும் உலோகாயதரோடு முதலில் வழக்கைத் தீர்க்காவிட்டால், கருதலையும் நூலையும் துணைக்கொண்டு மற்றவரோடு வாதிட வழி இல்லை. ஆகவே அவர் முதலில் வருவது தற்செயல் அன்று.

சிவஞானபோதம் கடவுளைப் போற்றி வாதத்தைத் தொடங்கவில்லை. அவன், அவள், அது என்று எல்லார் கண்ணிலும் படும் உலகிலிருந்து தொடங்குகிறது. இருப்பின் வரிசையில் இறைவன் முதல். அறிவின் வரிசையில் உலகம் முதல். இதற்கு நேர்மாறான வியப்பு பன்னிரண்டாம் சூத்திரத்தில் இருக்கிறது. அடியார் திருவேடத்தையும் கோயிலையும் சிவமாகவே வழிபடுவது அங்கேதான் வருகிறது. வாழ்க்கையிலோ குழந்தைப் பருவத்தில் முதலில் பழகுவது கோயில். பன்னிரண்டாம் சூத்திரம் சொல்வது பாசமாகிய மலம் கழுவப்பெற்றவரின் வழிபாட்டை. அந்த வழிபாட்டில் வேண்டுதல் இல்லை; வேண்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. முந்திய பதினொன்றையும் கடக்காமல் அந்த வழிபாட்டைச் சொன்னால், தொடக்கநிலையில் இருப்பவரின் வழிபாட்டிலிருந்து அதைப் பிரித்தறிய வழியில்லை.