மீட்கப்பட்டவர் யார்?

தாம் போற்றும் கலைஞரைத் தேடிச் செல்லும் இரசிகர் உண்மையில் எதைத் தேடுகிறார்? அம் மனிதரையா, அல்லது தம் உள்ளத்தில் தாமே வடித்து வைத்த உருவத்தையா? இவ் வினாவை எண்ணும்போதெல்லாம் ராட்ரிகெஸ் என்னும் ராக் இசைப் பாடகரின் வரலாறே என் நினைவிற்கு வருகிறது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1942ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய இரு இசைத்தட்டுகளையும் அந்நாட்டார் பொருட்படுத்தவில்லை. அவரும் கட்டடம் இடிக்கும் கூலி வேலைக்குச் சென்றுவிட்டார். கடல் கடந்த தென்னாப்பிரிக்காவிலோ, நிறவெறி ஆட்சியை வெறுத்த வெள்ளை இளைஞர்கள் அப் பாடல்களை உயிரெனப் போற்றினர். பாடகர் மேடையிலேயே தம்மை மாய்த்துக்கொண்டார் என்ற வதந்தியையும் மெய்யென நம்பினர்.

ஸ்டீபன் செகர்மன் அவ் இரசிகருள் ஒருவர். அவரும், ஸ்ட்ரைடம் என்னும் இதழாளரும் தேடலில் இறங்கினர். பாடலொன்றில் வந்த ஓர் ஊரின் பெயரே அவர்களுக்கு வழிகாட்டிற்று. ‘அவர் இறந்தது எங்ஙனம்?’ என அறியப் புறப்பட்டவர்கள், 1997இல், அவர் உயிரோடிருக்கக் கண்டனர்! மறு ஆண்டே தென்னாப்பிரிக்க மேடைகளில் ஆயிரக்கணக்கானோர் முன் அவர் பாடினார். 2012இல் வெளிவந்த ஆவணப்படம் அவர் புகழை உலகெங்கும் பரப்பிற்று. ஆயினும் டெட்ராய்ட்டில் தம் பழைய வீட்டிலேயே எளிமையாக வாழ்ந்து, 2023இல் மறைந்தார்.

இரசிகர் தம் பாடகரை மீட்டார் என்று இக் கதையைச் சொல்வர். என் மனம் அதனை முழுதும் ஏற்கவில்லை. உழைப்பை இழிவென எண்ணாது நிமிர்ந்து வாழ்ந்தவருக்கு மீட்சி எதற்கு? மீட்கப்பட்டவர் இரசிகரே. துயரச் சாவு கதைக்கு அழகூட்டியது. அவ் அழகில் மயங்கியிருந்த காலமெல்லாம், விற்ற தட்டுகளுக்குரிய ஊதியம் பாடியவரைச் சேர்ந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை. இறந்தவரைப் போற்றினால் போதும். உயிரோடிருப்பவருக்கோ நாம் கடமைப்பட்டவர்கள். தேடல் அக் கடனை உணர்த்திற்று. ஆனால் கதையின் மயக்கம் எளிதில் விடுவதன்று. 1979இலும் 1981இலும் ஆஸ்திரேலியாவில் அவர் பாடி வரவேற்புப் பெற்றதை அவ் ஆவணப்படமும் சொல்லாமலே விட்டது.

ஊரையும் உறவையும் தொலைவிலிருந்து நேசிக்கும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நினைவில் வைத்துப் போற்றுதல் எளிது. உயிரோடிருப்பவரைத் தேடிச் சென்று, ‘நலமாக இருக்கிறீர்களா?’ என்று கேட்பதன்றோ அன்பு!